கையை எடுத்தாலும் பறக்கும்

செப்டம்பர் 8, திங்கள்

பெட்டி வந்துவிட்டது! இரண்டு மாதம் கப்பலிலும் மூன்று வாரம் சுங்கத்திலும் கிடந்த பெட்டி, இன்று காலை பத்தேகாலுக்கு ஒரு குட்டியானை வண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே சொகுசாக உட்கார்ந்து, தூத்துக்குடிக்கு மேற்கே பொட்டல்காட்டில் இருக்கும் எங்கள் ஃப்ளையிங் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. டிரைவர் "டிவியா மேடம்?" என்று கேட்டார். ஆட்டோபைலட் என்றேன். "அப்ப பைலட்டு வீட்டுக்குப் போயிரலாமா?" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் பைலட் கேப்டன் மச்சாதுவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை: முன்பலகையில் பொருத்தும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு மோட்டார்கள், ஒரு கட்டு ஒயர், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம். புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

எங்கள் விமானம் என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. அக்டோபர் 27 முதல் மன்னார் வளைகுடாவில் கடல்பசுக்களை எண்ணும் வேலைக்கு அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே உயரத்தில், கோடு போட்ட மாதிரி, தினமும் மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். எந்த மனிதனின் தோளும் அதைத் தாங்காது. கேப்டனுக்கு அறுபத்தொன்று வேறு. அதற்குத்தான் இந்தப் பெட்டி.

எட்டு வருடம் அடுத்தவர்களின் கையெழுத்துக்கு வேலை பார்த்தேன். ஜூன் மாதம்தான் எனக்கே எஞ்சினியர் உரிமம் வந்தது. இந்த வேலைக்குக் கையெழுத்துப் போடப் போவது நான். முதல் கையெழுத்து!

செப்டம்பர் 9, செவ்வாய்

புத்தகம் 1 முதல் 94 பக்கம் வரை. வீட்டில் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் கழற்றியாயிற்று. இருபத்திரண்டு வருடமாக இங்கே மெக்கானிக்காக இருக்கும் இசக்கிராஜ் அண்ணாச்சிதான் எனக்குத் துணை. அண்ணாச்சி ஒரு திருகைக் கழற்றினால் அது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி ஒட்டுவார். தரைக்கு அடியில் மூன்று பேனா, ஒரு கம்மல், யாரோ ஒரு மாணவன் தின்ற கடலைமிட்டாய்க் காகிதம் கிடைத்தன.

மத்தியானம் கேப்டன் வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய பழைய சட்டத்தை நினைவூட்டினார்.

"முப்பிடாதி, கையெழுத்துப் போடுதது யாரோ, அவுங்க மொதப் பறப்புல எம் பக்கத்து சீட்ல இருக்கணும். தெரியும்லா?"

தெரியும் என்றேன். எடைக் கணக்கு பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"நாப்பத்தெட்டு கிலோவுக்கு என்னம்மா எடைக் கணக்கு?"

இந்தக் கிளப்பில் எட்டு வருடமாக இருக்கிறேன். இன்னும் ஒரு முறைகூடப் பறந்ததில்லை. நேரம் அமையவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 17, புதன்

இன்று வால் குகைக்குள் போனேன். சாமான் வைக்கும் கதவு வழியாக நுழைந்து, வயிற்றால் ஊர்ந்து, வால் பகுதியின் கடைசிக் கூண்டு வரை போக வேண்டும். அங்கே ஒரு மோட்டார். விமானத்தின் மூக்கை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் அதன் வேலை. இறக்கைக்குள் இருக்கும் இன்னொன்று இடம் வலம் சாய்க்கும். உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி வெந்தது. அண்ணாச்சி வெளியிலிருந்து ஸ்பேனர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"மேடம், உசுரோட இருக்கியளா?"

"பதினொண்ணு நம்பர் குடுங்க அண்ணாச்சி."

"அப்பம் இருக்கிய."

நாலு போல்ட். நாலும் ஒரே தடவையில் உட்கார்ந்தன. வெளியே வந்தபோது முடியெல்லாம் கிரீஸ். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அழுக்கானதில்லை.

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடவில்லை. "ஏரோப்ளேனுக்கே மூளை வைக்கிறவ, ஒரு வாளித் தண்ணிய வெளியேத்த மாட்டேங்கிற" என்றார் என் வீட்டுக்காரர் தங்கத்துரை. கையால் துவைத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

மின்சாரம் கொடுத்தோம். திரை ஒளிர்ந்தது! பெயர் காட்டியது, தன்னையே சோதித்துக் கொண்டது, பச்சை விளக்குப் போட்டது. பிறகு நான் திசைக் குமிழை வலப்பக்கம் திருகினேன். யாருமே தொடாமல், எங்கள் விமானத்தின் ஸ்டீயரிங் தானாக வலப்பக்கம் திரும்பியது.

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். நான் "ஏ!" என்று கத்தியதில் அடுத்த அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

கடைசிப் பெரிய வேலை, காற்றுக் குழாய். விமானத்தின் இடது புறம், கதவுக்கு முன்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டத் தகடு. அதன் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வெளிக்காற்று அதன் வழியாகக் குழாயில் புகுந்து உயரமானிக்குப் போகும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அதை வைத்துத்தான் விமானத்துக்குத் தன் உயரம் தெரியும். அந்தக் குழாயை வெட்டி, நடுவில் ஒரு மும்முனை இணைப்பு போட்டு, ஆட்டோபைலட்டுக்கும் அதே காற்றைக் கொடுத்தோம். இணைப்பைப் போட்டது அண்ணாச்சி. அழுத்தம் ஏற்றி ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தோம். முள் அசையவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

போட்டுவிட்டேன். மாலை 4.40. 'பறக்கத் தகுதியானது' என்ற வரிக்குக் கீழே, மு. முப்பிடாதி. பேனா இரண்டு முறை எழுதாமல் அடம்பிடித்தது. அண்ணாச்சி தன் பேனாவைத் தந்தார்.

பறப்பு வெள்ளிக்கிழமை. எடைக் கணக்கெல்லாம் சரியாகத்தான் வருகிறது.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பூஜை. ஸ்பேனர் பெட்டி, கம்ப்ரசர், மேனேஜரின் கம்ப்யூட்டர், ஓடுதளத்து ஆட்டை விரட்டும் சைக்கிள், கடைசியாக விமானம். வாழைக்கன்று கட்டி, காற்றாடிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாலையில் சக்கரத்தைத் தள்ளி அதை நசுக்கியபோது கேப்டன்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். சொந்த ஊர் மாதா கோயில் தேருக்குக்கூட அவர் இவ்வளவு தட்டியிருக்க மாட்டார்.

நான் இந்த மாதிரி விஷயங்களில் ஒதுங்கி நின்று சுண்டல் தின்கிற ஆள். இந்த வருடம் சந்தனக் கிண்ணத்தை நானே வாங்கினேன். என் கைவேலைக்கு அருகில், கதவுக்கு முன்னால், ஒரு பொட்டு வைத்தேன். பன்னீர் கூடிப்போய் சந்தனம் தண்ணீராக இருந்தது. மேலே குங்குமம். சும்மா, எல்லாரும் வைக்கிறார்களே என்றுதான்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. பீரோவை அடுக்கினேன். பிறகு மறுபடி அடுக்கினேன். நாளை என்ன புடவை என்று தங்கத்துரை கேட்டார். விமானத்துக்குள் யார் புடவை கட்டுவார்கள்? எல்.ஐ.சி. காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் அவரிடம் காட்டி வைத்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பறந்தேன்!!

எங்கிருந்து தொடங்குவது? கேப்டன் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார். நான் பக்கத்தில். ஓடினோம், தரை விட்டுப் போனது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தால் உப்பளங்கள்! வெள்ளையும் ரோஸுமாகக் கட்டம் கட்டமாக, அதற்கப்புறம் கடல். எட்டு வருடம் இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே ஒயர் முறுக்கிக் கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி.

உயரமானி கொஞ்சம் சோம்பலாக ஏறியது. வெயில் என்று நினைத்தோம்.

இரண்டாயிரம் அடியில் திசைப் பொத்தானை அழுத்தினேன். கேப்டன் கையை எடுத்து மடியில் வைத்தார். விமானம் தானே திரும்பி, தானே நேராகி, அப்படியே போனது. "ஏ யப்பா!" என்றார் அவர். நான் அழுதேன், காற்றுத் துவாரத்திலிருந்து தூசி.

மூவாயிரத்தில் உயரப் பொத்தான். முதலில் ஒழுங்காக நின்றது. பிறகு மெல்ல மேலே போனது. பிறகு கீழே. மறுபடி மேலே, இந்த முறை இன்னும் அதிகம். மறுபடி கீழே, அதைவிட ஆழமாக. ஊஞ்சலில் யாரோ பின்னாலிருந்து ஒவ்வொரு தரமும் பலமாகத் தள்ளுவது போல இருந்தது. கேப்டன் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோபைலட்டை விடுவித்துக் கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல பிள்ள. வீட்டுக்குப் போவோம்."

பத்திரமாக இறங்கினோம். நான் பயப்படவில்லை. அவருடைய சட்டைக் கை அவ்வளவு கசங்கியிருந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம்.

அக்டோபர் 4, சனி

மோட்டாரின் இழுவை சரி. கம்பிகளின் விறைப்பு சரி. புத்தகத்தில் கோளாறு தேடும் பகுதியை மூன்று முறை படித்தேன். 'உயரத்தில் ஊசலாட்டம்: காற்றுக் குழாயில் கசிவு அல்லது அடைப்பு.' இதைப் படித்ததுமே மேனேஜர் கேட்ட கேள்வி: "குழாய் இணைப்பு யார் போட்டது?"

அக்டோபர் 5, ஞாயிறு

விடுமுறை நாளில் அண்ணாச்சி தானாகவே வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"மேடம், எனக்கு வெள்ளிக்கிழமையிலருந்து சோறு எறங்கல. நாந்தான் சரியா முறுக்காம விட்டுட்டேன் போல. உங்க ரெண்டு பேரையும் கடல்ல தள்ளப் பாத்தேனே."

சோதித்தோமே அண்ணாச்சி, முள் அசையவில்லையே என்றேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. காபி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

மறுபடி அழுத்தச் சோதனை. குழாயில் கசிவு இல்லை. துளையில் அடைப்பு இருந்தது. எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தேங்காய்ச் சட்னி. இட்லி மாவு புளித்துவிட்டது. வாஷிங் மெஷினைக் கழற்றினேன். வடிகுழாயில் தங்கத்துரையின் ஒரு சாக்ஸ். சரியாகிவிட்டது.

கிளப்பில் மேனேஜர் சொன்னார்: அண்ணாச்சியை விமான வேலையிலிருந்து எடுத்துவிட்டு வாசல் பதிவேட்டுக்குப் போடப் போகிறாராம். "வயசாச்சு, கை பதமில்ல." நான் 'அடைப்பு எடுத்தாயிற்று, இனி பிரச்சினை இல்லை' என்றேன். "என்ன அடைப்பு?" என்றார். "தூசி" என்றேன்.

அண்ணாச்சி தன் ஸ்பேனர்களைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக.

அக்டோபர் 8, புதன், காலை

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் பிறகு எங்கே எழுதுவது.

அது தூசி இல்லை. துளைக்கு மூடி போட்டு அழுத்தம் ஏற்றக் குனிந்தபோது பார்த்தேன். தகட்டுக்கு மேலே நான் வைத்த பொட்டு வெயிலில் வழிந்து, துளையின் மேல் காய்ந்து, ஓரமாக ஒரு மயிரிழை இடைவெளி மட்டும் விட்டிருந்தது. அந்த இழை வழியாகக் காற்று முக்கி முனகிப் போய் வந்திருக்கிறது. அதனால்தான் உயரமானி சோம்பியது. விமானம் ஏறி முடித்த பிறகுதான் ஆட்டோபைலட்டுக்கு அது ஏறியதே தெரிந்தது, உடனே இறக்கியது. இறங்கி முடித்த பிறகு ஏற்றியது. பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். பன்னீர் வாசனை.

சந்தனம் ஏன் வைத்தேன்? பயம். செப்டம்பர் எட்டிலிருந்தே பயம். என் கையெழுத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல், வேறு யாராவது பொறுப்பெடுத்துக் கொள்ளட்டும் என்று சாமியைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட்ட மறுநாள், கையெழுத்துப் போட்ட விமானத்தில், கையெழுத்துப் போட்டவளே அடைப்பு வைத்தேன். பதிவேட்டில் எழுதினால் டெல்லியில் விமானத் துறைக்குப் போகும், உரிமத்தைப் பிடித்து வைப்பார்கள். எட்டு வருடம். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி மட்டும் சாகும்வரை தன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அக்டோபர் 8, புதன், மாலை

எழுதிவிட்டேன். விமானத்தின் பதிவேட்டில், நீல மையில்: 'இடது காற்றுத் துளையில் காய்ந்த சந்தனம். உயர ஊசலாட்டத்துக்குக் காரணம் அதுவே. வைத்தது நான். குழாய் இணைப்பில் குறை இல்லை.' கீழே பெயர்.

முதலில் அண்ணாச்சியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"அப்பம் என் இணைப்பு?"

"ஒரு சொட்டு கசியல அண்ணாச்சி."

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, "இதப் போயி எழுதுனியளே, உங்களுக்குப் பைத்தியமா?" என்று திட்டத்தான் செய்தார்.

கேப்டன் கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் பாத்தேம்மா" என்றார்.

"என்னத்த?"

"ஏறுததுக்கு முந்தி சுத்திப் பாக்கையில. அந்தத் துளையப் பாக்க வேண்டியது என் வேல. நாப்பது வருசமா தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுதேன். அன்னைக்குப் பொட்டு வழிஞ்சு கெடந்துச்சு. நான் வேதக்காரன், சாமிக்கு வச்ச பொட்ட நான் போயி அழிச்சா உங்களுக்கு மனசு சங்கடப்படும்லா, அப்படின்னு கைய எடுத்துட்டேன்."

"என்ன கேப்டன், சொல்லியிருந்தா நானே தொடச்சிருப்பேனே!"

"நீ அன்னைக்கு இருந்த இருப்புல உங்கிட்ட பொட்ட அழின்னு சொல்லவா? மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குக் கோபம் வரவேண்டும், சிரிப்புத்தான் வந்தது. ஒருவர் மனசு நோகக் கூடாது என்று மூவாயிரம் அடி ஏறிப் போன ஆட்கள் வேறு எந்த நாட்டிலாவது இருப்பார்களா?

என் பேனாவை வாங்கினார். வேண்டாம் கேப்டன், நீங்கள் எழுத வேண்டியதில்லை, என் பெயர் போதும் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் வரிக்குக் கீழே: 'புறப்படுமுன் கண்டேன். அகற்றவில்லை. ஜெ. மச்சாது.'

அக்டோபர் 9, வியாழன்

மேனேஜர் ஒரு மணி நேரம் கத்தினார். நியாயம்தான். அண்ணாச்சி மறுபடி விமான வேலைக்கு வந்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. என் கையெழுத்து உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம், அப்புறம் மறுதேர்வு. கேப்டனுக்கு ஒரு மாதம் பறக்கத் தடை. அதாவது கடல்பசு வேலையின் தொடக்கத்தில் அவர் இல்லை. அதோடு பூஜைப் பொருள் எதுவும் விமானத்தின் உடலில் படக்கூடாது என்று எல்லா கிளப்புகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புகிறார்களாம். அந்தக் காகிதத்தில் எங்கள் பெயர் இல்லை. ஆனாலும் நாட்டில் உள்ள ஒவ்வொரு ஹேங்கரிலும் யாரோ ஒருவர் 'எந்த மடையன் செய்தான்?' என்று கேட்கப் போகிறார்.

குளியலறையில் அழுதேன். இந்தத் தடவை தூசி இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அதிரசம் உடைந்தது. கேப்டன் வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். உடைந்ததையும் தின்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

சென்னையிலிருந்து ஒரு மூத்த எஞ்சினியர் வந்து, என் வேலையை ஒன்று விடாமல் பார்த்து, எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். வால் குகைக்குள் டார்ச் அடித்துவிட்டு, "யாரும்மா இது, ஒயர பின்னல் மாதிரி கட்டியிருக்கீங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல் தெரிந்திருக்கும்.

நாளைக் காலை முதல் பறப்பு. மதுரையிலிருந்து ஒரு பெண் பைலட் வந்திருக்கிறாள். எஞ்சினியர் இன்றே முத்துநகர் எக்ஸ்பிரஸில் கிளம்பிவிட்டார். கேப்டனின் சட்டப்படி பக்கத்து சீட்டில் யார்? "இணைப்புப் போட்டவன் ஏறட்டும்" என்றார் கேப்டன். அண்ணாச்சி "நானா?" என்று ஐந்து முறை கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவரும் பறந்ததில்லை!

அக்டோபர் 27, திங்கள்

காலை ஏழு பத்துக்கு எங்கள் விமானம் எங்கள் இருவரையும் கீழே விட்டுவிட்டுப் போயிற்று. பளிச்சென்று துடைத்திருந்தோம். அந்தத் துளையை நான் பார்த்தேன், கேப்டன் பார்த்தார், அண்ணாச்சி பார்த்தார், அந்தப் பெண் பார்த்தாள். ஏறும்போது அண்ணாச்சியின் முகம் சுண்ணாம்பு. நல்ல வேளை, கையில் சந்தனம் இல்லை.

நானும் கேப்டனும் ரேடியோ அறையில். உரிமம் இல்லாத எஞ்சினியர், பறக்கக் கூடாத பைலட். டீ ஆறிப்போய் ஏடு படிந்தது. கேப்டன் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். நிறுத்துங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு நானே தட்ட ஆரம்பித்தேன்.

ஏழு முப்பத்தாறு. அந்தப் பெண்ணின் குரல், அலட்டிக்கொள்ளாமல்: ஆயிரம் அடி, திசைப் பிடிப்பு ஆன், உயரப் பிடிப்பு ஆன். அப்புறம் நிசப்தம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அன்று ஆட்டம் தொடங்கியது இரண்டாவது நிமிடத்தில்தான். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துக் கேப்டன் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

நாலாவது நிமிடம் ரேடியோ வெடித்தது. ரேடியோவில் பேசுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அழைப்புப் பெயர் சொல்ல வேண்டும், சுருக்கமாகப் பேச வேண்டும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் தெரியாது.

"மேடம்! மேடம், கேக்குதா? அந்தப் பிள்ள ரெண்டு கையையும் தூக்கிட்டு! ஒரு அடிகூட நவரல மேடம்! ஆயிரம்னா ஆயிரத்துலயே நிக்கி!"

கேப்டன் மேஜையில் அடித்த அடியில் டீ கவிழ்ந்தது. நான் நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மேனேஜர் வாசலில் நின்றதும் தெரியவில்லை. மைக்கை எடுத்து, "கேட்டுச்சு அண்ணாச்சி" என்றேன்.

கேப்டன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"லேய் இசக்கி, இன்னொரு தடவ சொல்லுல."